சூடோ

பாசையூர் ஐஸ் கொம்பனியின்
கணக்கு என் கையில்.
எத்தனை பார் உறைந்தது, எத்தனை படகேறியது,
எத்தனை உருகியது.
மாதக் கடைசி இரவு பன்னிரண்டுக்குள்
இந்த மூன்று நிரலும் கொழும்புக்குப் போகவேண்டும்.

லப்டொப்புக்குப் பதினொரு வயது.
விண்டோஸைச் சுமக்கமாட்டேன் என்று
போன வருசம் படுத்துவிட்டது.
லினக்ஸ் போட்டுத்தந்த கஜவதனன்
வவுனியாவுக்கு மாற்றலாகிப் போகும்போது
ஒரு ஒற்றையில் பென்சிலால் எழுதிவைத்தான்:
எதைச் செய்யச் சொன்னாலும் முதலில் சூடோ என்று கேள்.
பிறகுதான் சொல்வழி கேட்கும்.

கேட்டேன்.
சூடோ?
மடியிலிருந்த பெட்டி
ஓமென்று கொதித்தது.
கீழே தலையணையை வைத்தேன்,
விசிறி இன்னும் இரைந்தது.
எடுத்தேன்.

டொங்கிள், ஸ்ரான்லி வீதியில் வாங்கின பழசு.
மூடி இல்லை. எண்ணூறு ரூபா.
"குத்தினா வேலை செய்யும் அக்கா"
என்றான் டிலக்சன்.
குத்தினேன்.
பச்சை லைற் இரண்டுதரம் கண்ணைச் சிமிட்டியது.
திரையில் வந்து நின்றது
ஒரு சீடியின் படம்.

சீடியா?
விரல் நீளப் பிளாஸ்ரிக் துண்டு,
வயிற்றுக்குள் விண்டோஸுக்கான மென்பொருளை வைத்துக்கொண்டு
தன்னைச் சீடி என்கிறது.
யாரென்று கேட்டால்
பதினாலு நாற்பத்தாறு என்று
ஒரு இலக்கத்தை நீட்டுகிறது,
அட்டை காட்டுகிறவர்களின் பணிவோடு.

எனக்கு அது விளங்காத பாசையில்லை.
முத்திரைச் சந்தியில் சைக்கிளால் இறங்கி
மாணவி என்று மட்டும் சொன்ன காலம் உண்டு.
அங்கால் போய்ப் பெடலில் கால் வைத்தபிறகுதான்
மிச்சமெல்லாம் நான்.

இந்த வேசத்தைக் கலைக்க
ஒரு சின்னப் பொதி இருக்கிறதாம்.
பொதி வர நெற் வேண்டும்.
நெற் வரப் பொதி வேண்டும்.
கல்யாணம் ஆகாமல் பைத்தியம் தெளியாது,
பைத்தியம் தெளியாமல் கல்யாணம் ஆகாது.
பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
கொமினிகேசனுக்கு மிதித்தேன்.
கொண்டுவந்து போட்டால்
தனியே வரமாட்டேன், துணைக்கு இன்னொன்று வேண்டும் என்றது.
திரும்ப மிதித்தேன்.
சட்டர் முழங்காலளவுக்கு இறங்கியிருந்தது,
குனிந்து கெஞ்சினேன்.

பத்தரை.
சூடோ, பெயர், ஒரு இடைவெளி,
பென்சில் எழுத்தில் ஒன்றா எல்லா என்று தெரியாத ஒரு கோடு.
முதலில் ஒன்று என்று அடித்தேன். பிழை.
எல் என்று அடித்தேன்.
சீடி மறைந்தது.
பச்சை போய் நீலம் வந்தது.
பதினாலு முப்பத்தாறு.
நாலு மூன்றாகியிருக்கிறது,
அவ்வளவுதான்.
ஒன்று தானாகவே ஆகிவிடுவதற்கு
அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

நீட்டு வயர் போட்டு
தலைமயிர் ரப்பரால் யன்னல் கம்பியில் கட்டினேன்,
முகம் ரவர் பக்கம்.
உயிர் இருக்கிறதா என்று பார்க்க
ஏரீ என்று தட்டச் சொல்லியிருந்தான்.
தட்டினேன்.
ஓகே என்றது.

அதோடு நிற்கவில்லை.
கேட்காமலே ஒரு பழைய எஸ்எம்எஸைத் தூக்கிப்போட்டது,
எனக்கு முந்தின ஆளுக்கு வந்தது,
ஆங்கில எழுத்தில் தமிழ்:
ரீலோட் போட்டாச்சு.
இனியாவது கதை.

ஆர், ஆருக்கு, தெரியாது.
அழிக்கவா என்று கேட்டது பெட்டி.
நான் ஒன்றும் அடிக்கவில்லை.
கேள்வி அப்படியே நின்று
துடித்துக்கொண்டிருந்தது.

பதினொன்று நாற்பத்தொன்றுக்குக் கணக்குப் போனது,
கட்டை வண்டிலில் போவதுபோல.
பன்னிரண்டுக்கு ஐந்து நிமிசம் இருக்க
கொழும்பிலிருந்து ஒரு வரி:
கிடைத்தது. இந்த மாதம் ஏன்
இருபத்தேழு பார் உருகினது?

மடியைத் தடவிப் பார்த்தேன்.
பாவாடையில் பெட்டியின் அளவுக்கு
ஒரு சதுரம், இன்னும்
சூடாக.